பத்திரிகையில் எம்.ஏ. என்று போட்டால் போதுமாம்

உ

செம்பாக்கம்
11.12.2005

அன்புள்ள மிருதுளாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், இந்த மழையில் மனிதர்கள் எந்த அளவுக்குச் சுகமாக இருக்க முடியுமோ அந்த அளவுக்கு. உன் சுகத்தைப் போனில் கேட்டால் "ம், இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால் சாப்பாடு, தூக்கம், அந்த ஒற்றைத் தலைவலி மூன்றையும் பற்றி ஒரு வரியாவது கையால் எழுதிப் போடு. இங்கே ஏரி நிரம்பி வழிந்து நம் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது, இப்போது வடிந்துவிட்டது, சேறுதான் போகவில்லை. பள்ளிக்கூடம் பல நாள் மூடிக் கிடந்ததால் அரைப் பரீட்சையைத் தள்ளி வைத்து இப்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நடத்துகிறார்கள், பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் கட்டுக்கட்டாக மேஜைமேல் இருக்கின்றன, அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். நீ கேட்ட பழைய தொடர்கதை பைண்டுகளில் இரண்டு மேற்குத் தாம்பரம் லெண்டிங் லைப்ரரியில் கிடைத்தன. கடைக்காரர் மழையில் நனைந்ததை எல்லாம் எடைக்குப் போட இருந்தார், நான் கேட்டதும் சும்மாவே கொடுத்துவிட்டார். ஃபேனுக்கு அடியில் விரித்துக் காயவைத்திருக்கிறேன், வீடெல்லாம் பழைய காகித வாசனை. மூன்றாவதாக ஒரு பைண்டும் வந்திருக்கிறது, அது எங்கிருந்து எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் அப்பா உன்னிடம் பொங்கலுக்குக் கட்டாயம் வர வேண்டும், சார்மினார் எக்ஸ்பிரஸில் இப்போதே இடம் பிடித்துக்கொள் என்றார் அல்லவா. ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் ஜனவரி முதல் வாரத்துக்குள் போயாக வேண்டும், வழிகாட்டி மேடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று நீ சொன்னாய், அதற்கு அப்பா அதெல்லாம் பொங்கலுக்கு வந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். முதல் வாரம் போனபிறகுதான் பொங்கல் வரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், ரிசீவரை வாங்கி மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் காயாத துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறேன், பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. பொங்கலுக்கு உன்னை வரச் சொன்னது பெண் பார்க்க, மிருதுளா. அதை மறைத்து உன்னைக் கூப்பிட எனக்கு மனசில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கோபப்படாமல் படி, நடுவில் உனக்குச் சிரிப்பும் வரலாம்.

அப்பாவோடு ஏரிக்கரையில் நடக்கப் போவாரே, சிட்லபாக்கம் பொன்னுசாமி சார், கூட்டுறவுத் துறையில் ரிடையர் ஆனவர், அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஆரம்பித்தது இது. வாசலில் மேளம், உள்ளே புகை, அந்தச் சத்தத்தில் பொன்னுசாமி சார் அப்பாவின் காதருகே குனிந்து, "பொண்ணு ஹைதராபாத்ல இன்னா சார் படிக்குது" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "எம்.ஏ. கம்பேரடிவ் லிட்டரேச்சர்" என்றிருக்கிறார். லிட்டரேச்சர் மேளத்தில் அமுங்கிப்போய், பொன்னுசாமி சார் காதில் மிச்சம் கோஆப்பரேடிவ் என்று விழுந்திருக்கிறது. "பலே, நம்ம டிபார்ட்மென்ட்டு! சொல்லவே இல்லையே சார் இத்தனை நாளா" என்று அப்பாவைக் கட்டிப்பிடித்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லி, பந்தியில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாராம். அப்பா திருத்தவில்லை. எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது, பிறகு அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நீ போனதிலிருந்து அவர் ஆபீசிலும் உறவிலும் உன் படிப்பின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் ஓஹோ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள், முதல் தடவையாக ஒருத்தர் அதைக் கேட்டு முகம் மலர்ந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைக் கையிலிருந்து விட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை.

பொன்னுசாமி சார் சும்மா இருப்பாரா. பம்மலில் அவருக்குத் தூரத்து உறவு, வடிவேலு என்று, அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளர், ஒரே பையன் கார்த்தி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஃபாக்டரியில் இன்ஜினியர். கோஆப்பரேடிவ் படித்த மருமகள் என்றதும் வடிவேலு குதித்திருக்கிறார். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தெருவில் தண்ணீர் நிற்கும்போதே அவரும் அவர் மனைவி காந்திமதியும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்துவிட்டார்கள். ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. காந்திமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் பெரிய கறுப்புக் குடை, ஒரு கையில் செருப்பு, தண்ணீருக்குள் நடந்து வந்து, "இன்னா மிஸ், உங்க ஊட்டுக்கு வரணும்னா படகு எடுத்தாரணும் போல கீதே" என்று சிரித்தபடியே உள்ளே வந்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது, அதுதான் கஷ்டம். நேராகச் சமையலறைக்கு வந்து காலைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா லோன் கணக்கெல்லாம் கூடப் படிக்குதா மிஸ்" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து அப்பா, "இப்போதைக்கு எல்லாம் தியரிதான்" என்றார். வடிவேலு, "தியரி தெரிஞ்சா போதும் சார், மத்ததை நான் சொல்லித் தந்துடறேன், சங்கத்துல ஒரு எடம் காலியாவுது, நம்ம கையிலதான் கீது" என்றார். பொங்கலுக்குப் பாப்பா வந்ததும் பையனோடு பார்க்க வருகிறோம் என்று எழுந்தார்கள், அதற்குள் மழை விட்டதால் குடையை ஜன்னல் கம்பியிலேயே மாட்டி மறந்துவிட்டுப் போனார்கள். பையனின் போட்டோவைப் பார்த்தேன், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு சிரிக்கிறான். நல்ல முகம். இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அவர்கள் போனபிறகு நானும் அப்பாவும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமல் இருந்தால் தானாக நடந்துவிடும் என்று அவர் நினைத்தார், பேசாமல் இருந்தால் தானாக நின்றுவிடும் என்று நான் நினைத்தேன் போலிருக்கிறது. அந்த நாட்களில் நான் உன் படிப்பைப் பற்றி நிறைய யோசித்தேன். நான் கணக்குப் படித்தவள், எனக்கு இரண்டு பொருளை ஒப்பிட மூன்று குறிகள்தான் தெரியும், இது பெரிது, இது சிறிது, இரண்டும் சமம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லித் தருகிறேன். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன், எதிர்வீட்டு ஜெயஸ்ரீயின் மதிப்பெண்ணை உன்னுடையதோடு சேர்த்தே விசாரிப்பேன், நீ ஒன்பதாவதில் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, என்னை யாரோடயும் பக்கத்துல வைக்காதம்மா என்று எழுந்து போனாய். அப்படிச் சொன்ன நீயே வீட்டைவிட்டு இத்தனை தூரம் போய் ஒப்பிடுவதையே ஒரு பாடமாகப் படிக்கிறாய், எனக்கு இது புரியவே இல்லை. போன விடுமுறையில் நீ விளக்கினாய், நானும் தலையாட்டினேன், ஆனால் நீ ரயில் ஏறியதும் அது என் கையை விட்டுப் போய்விட்டது.

குடை ஜன்னலில் தொங்கிக்கொண்டே இருந்தது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை என்றதும் அதை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பம்மலுக்குப் போய்விட்டேன், அப்பாவிடம் சொல்லவில்லை. காந்திமதி டி.வி.யில் சீரியல் பார்த்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலேயே, என் பெண் படிப்பது கோஆப்பரேடிவ் இல்லைங்க, கம்பேரடிவ், என்றேன். அவள் அசரவில்லை. "இன்னா மிஸ் பெரிய வித்தியாசம், ரெண்டும் டிவ்வுலதானே முடியுது, உக்காருங்க" என்றாள். சரி, தமிழில் சொன்னால் புரியும் என்று ஒப்பிலக்கியம் என்றேன். பூண்டு கையிலிருந்து விழுந்துவிட்டது. "ஒப்பாரியா? கல்யாணம் பேசற எடத்துல இன்னா பேச்சு மிஸ் இது" என்று சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு மொழியில் வந்த கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது, என் பெண் இப்போது தமிழிலும் தெலுங்கிலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் வரும் மாமியார்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள் என்றேன், சொல்லும்போதே யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது, ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை. காந்திமதி டி.வி.யை அணைத்துவிட்டாள். "மாமியாருங்களைப் பத்தியா? எங்கூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பாடம் படிச்சிக்கினு வருதா பாப்பா" என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் கேட்டாள் பார், "அது சரி, தெலுங்கு மாமியாரு ஒசத்தியா, நம்ம மாமியாரு ஒசத்தியா, இன்னான்னு எழுதிக்கீது?" அப்படி உசத்தி, மட்டம் என்று சொல்வது இல்லையாம் என்றேன். "பின்ன இன்னாத்துக்கு மிஸ் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்? பொடவைக் கடையில ரெண்டு பொடவையைப் பக்கத்துல வெச்சா ஒண்ணை எடுக்கத்தானே வெப்பாங்க" என்றாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் குனிந்து, கீழே விழுந்த பூண்டைப் பொறுக்கி அவள் பக்கத்தில் வைத்தேன்.

அவள் எழுந்து பரணிலிருந்து ஒரு பைண்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் மாமியாருக்குத் தெரியாமல் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்ததாம், அதிலும் ஒரு மாமியார்தான் வில்லி. பாப்பாவுக்கு உதவுமே, படிக்கட்டும், ஆனால் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்றாள். வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. புத்தகம் நனைந்துவிடும் என்று, நான் திருப்பிக் கொடுக்க வந்த குடையையே என் கையில் திரும்பவும் கொடுத்து அனுப்பினாள். வாசல்வரை வந்து என் தோளைத் தொட்டு, "ஒண்ணே ஒண்ணு மிஸ், இதை எங்கூட்டுக்காரர் காதுல போடாதீங்க, சங்கத்துல அத்தினி பேர்கிட்டயும் சொல்லிக்கினு திரியறாரு. கோஆப்பரேடிவ்வாவே இருக்கட்டும். பத்திரிகையில எம்.ஏ.ன்னு தானே போடப்போறோம், உள்ள இன்னா கீதுன்னு யாரு பிரிச்சுப் பாக்கப் போறாங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எவ்வளவு சுலபம் பார், யாரும் பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு என் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. கனகவல்லி, பி.எஸ்ஸி., என்று போட்டிருந்தார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. உன் தாத்தா, அப்பாவின் அப்பா, பி.எஸ்ஸி. என்றால் தாவரவியல் என்று எப்படியோ முடிவு செய்துவிட்டார். தோட்டத்தில் ஒரு செடி வாடினாலும் இலையைக் கிள்ளிக்கொண்டு என்னிடம் வருவார், இது என்னம்மா நோய், நீ படிச்சிருப்பியே என்பார். புது மருமகள், எப்படித் திருத்துவது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் மாமா என்பேன். அது அப்படியே நின்றுவிட்டது, கடைசிவரை நான் அவருக்குச் செடி படித்த மருமகள்தான். அதைச் சொல்லி நானும் அப்பாவும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அன்று ரயிலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்மல் வீட்டில் நீ உட்கார்ந்திருக்கிறாய், யாரோ வந்து கடன் வட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள், நீ என் மாதிரியே ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறாய், அது அப்படியே பழகிப் போகிறது. குரோம்பேட்டை தாண்டும்போது மடியிலிருந்த ஈரக் குடையைக் காலடிக்கு இறக்கிவிட்டு, அந்தப் பைண்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பொன்னுசாமி சார் வந்தார், பொங்கலில் எந்த நாள் சௌகரியம் என்று கேட்டுப்போக. நான் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்று சொல்லிவிட்டேன், உன் படிப்பின் பெயரைச் சொல்லி, அது கூட்டுறவு இல்லை என்று சொல்லி, வங்கி வேலைக்கும் சங்க வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி. அப்பா செய்தித்தாளைப் பார்த்தபடியே இருந்தார். பொன்னுசாமி சாருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை, "ரெண்டு எழுத்து மேல கீழ ஆனதுக்கா சார் இவ்ளோ பேஜாரு" என்று அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சரிம்மா, அந்தப் படிப்புக்கு இன்னா வேலை கெடைக்கும்" என்றார். எனக்குத் தெரியாது சார் என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. "வடிவேலு மூஞ்சில நான் எப்படிம்மா முழிக்கிறது" என்று காபியைக் குடிக்காமலேயே எழுந்து போய்விட்டார். அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து ஒன்றுதான் சொன்னார், இத்தனை நாளில் ஒருத்தராவது என் பெண் படிப்பைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், அதையும் கெடுத்துவிட்டாய் என்று. அது உண்மைதான், அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றிலிருந்து அவர் ஏரிக்கரைக்கு நடக்கப் போவதில்லை. சாப்பிடுகிறார், ஆபீஸ் போகிறார், என்னிடம் கேட்க வேண்டியதைச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

பம்மலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, எடுத்தால் கேபிள்காரர். நல்ல இடத்தை உதைத்துத் தள்ளிவிட்டேனோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது, சொல்லாமல் இருந்திருந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மறுநேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், எந்தக் குறியைப் போடுவது என்று தெரியவில்லை. கார்த்தியைப் பார்க்க வேண்டும் என்று உனக்கே தோன்றினால் அது வேறு விஷயம், தயங்காமல் எழுது, சரியான பெயரைச் சொல்லி நானே மறுபடி போய்க் கேட்பேன். வேண்டாம் என்றால் அதையும் எழுது. எது எப்படி ஆனாலும் ஆராய்ச்சி விண்ணப்பத்தைப் பொங்கல் வரை வைத்திருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பூர்த்தி செய்து மேடத்திடம் கொடுத்துவிடு. அப்பா கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். பொங்கலுக்கும் வா, பொங்கல் சாப்பிட மட்டும் வா, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உன் மாமியார்களைப் பற்றி அவருக்கு ஒரு கதை சொல். அவர் உன்னிடம் நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறார், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காந்திமதியின் பைண்டில் உனக்கு வேண்டியதை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருக்கிறேன், அட்டை கிழியாமல் எடுக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே என்மேல் எரிச்சல். குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. தாள் திருத்தி முடித்ததும், வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, இரண்டையும் எடுத்துக்கொண்டு பம்மலுக்குப் போக வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாது, யாரிடமாவது கொடுத்தனுப்பவும் முடியாது. அவள் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டு அவள் வாசலில் போய் நிற்கப்போகிறேன். கதவைத் திறப்பாளோ மாட்டாளோ, திறந்தால் அந்தப் புடவைக் கேள்வியை மறுபடி கேட்காமல் விடமாட்டாள். ஒன்றை எடுப்பதற்கு இல்லை என்றால் இரண்டை எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்? உன் மேடத்துக்கு எழுதுகிற மாதிரி வேண்டாம், பூண்டு உரித்துக்கொண்டே கேட்பவளுக்குப் புரிகிற மாதிரி, கணக்கு டீச்சருக்கும் புரிகிற மாதிரி எழுது. நான் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்க மாட்டேன், புரிந்துகொண்டுதான் சொல்வேன். அந்தச் சனிக்கிழமைக்குள் உன் கடிதம் என் கைக்கு வர வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

தலையில் ஈரத்தோடு தூங்காதே. நீ எடுத்துக்கொண்ட படிப்பு உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், எங்கே இருந்தாலும் உன் பெயரும் உன் படிப்பும் அதன் முழுப் பெயரிலேயே அழைக்கப்படட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
கனகவல்லி, பி.எஸ்ஸி., கணிதம்